‘எல்லாரும்தான் அடிக்கிறாங்க’: மலைக் கல்லூரிகளில் குடியைக் குறைக்க மாணவர்களே இறங்கினால் என்ன நடக்கும்?

ஜூன் 26, உலகப் போதைப்பொருள் ஒழிப்பு நாள். அன்று உதகை சேரிங்கிராஸ் பக்கமோ கொடைக்கானல் ஏரிச்சாலைப் பக்கமோ போனால், பதாகை பிடித்த கல்லூரி மாணவர்களைப் பார்க்கலாம். 2022 ஆகஸ்டில் தமிழக அரசு மாநிலம் முழுக்க மாணவர்களை உறுதிமொழி எடுக்க வைத்தது. அதிலிருந்து கல்லூரிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் பற்றிய பேச்சும், கூடவே ‘பியர் எஜுகேட்டர்’ (சக மாணவர்களுக்கு உதவப் பயிற்சி பெற்ற மாணவர்) என்கிற சொல்லும் அடிபடுகின்றன. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும், ஏன், அந்தப் பேட்ஜைக் குத்திக்கொண்ட மாணவருக்குமே குழப்பம்: இவர் யார்? குடிக்கிறவனைக் காட்டிக்கொடுப்பவரா, புத்தி சொல்பவரா, வாந்தி எடுத்தால் தலையைப் பிடிப்பவரா?

மூன்றில் கடைசிதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. ஏன் என்பதை அளவிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும்.

எது ‘ஆபத்தான குடி’?

குடிநோய் வேறு, ஆபத்தான குடி வேறு. காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்கிற நிலை குடிநோய். அதற்கு மருத்துவம் வேண்டும், நண்பன் போதாது. கல்லூரி வயதில் அதிகம் காணப்படுவது இரண்டாவது வகை. வாரம் முழுக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை இரவு இரண்டு மணி நேரத்தில் மட்டையாகும் வரை ஏற்றிக்கொள்வது. அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள்: 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி. ஆல்கஹால்.

இதை நம்மூர்க் கணக்கில் சொல்ல, 10 கிராம் சுத்த ஆல்கஹாலை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம். கடையில் விற்கும் பிராந்தி, ரம், விஸ்கியின் வீரியம் பொதுவாக 42.8 சதவீதம்.

1. கட்டிங் (90 மி.லி.): ஏறத்தாழ 30 கிராம், 3 அலகு.
2. குவாட்டர் (180 மி.லி.): ஏறத்தாழ 61 கிராம், 6 அலகு.
3. ‘ஸ்ட்ராங்’ பீர் ஒரு பாட்டில் (650 மி.லி., 8 சதவீதம்): ஏறத்தாழ 41 கிராம், 4 அலகு.

‘பீர்தானே’ என்று சொல்பவர்கள் மூன்றாவது வரியை இன்னொரு முறை படிக்கலாம். ஒரு கட்டிங்கைவிட அது அதிகம்.

இனி உடலுக்குள் போனதும் நடப்பது. 60 கிலோ எடையுள்ள பையன் ஒரு குவாட்டரை வேகமாக முடித்தால், ரத்தத்தில் அளவு 100 மி.லி.க்கு 140 மி.கி.யை ஒட்டிப் போகலாம். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மி.கி. என்ற வேகத்தில்தான் அதை இறக்கும். கட்டஞ்சாயா, எலுமிச்சை, மோர், பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்சம் 30 மி.கி. அந்த இடத்துக்கு இறங்க ஏழெட்டு மணி நேரம் ஆகும். இரவு பத்துக்குக் குடித்தவர் விடியற்காலை ஐந்து மணிக்கு, ‘தூங்கி எழுந்தாச்சு, தெளிஞ்சாச்சு’ என்று குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஸ்கூட்டரில் இறங்கினால், அவர் இன்னும் சட்டப்படி போதையில்தான் இருக்கிறார். முதல்முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 14. பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஏறுவது அதிகம்.

மலை எதைச் சேர்க்கிறது?

உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ‘மேல வந்தா சீக்கிரம் ஏறும்’ என்று கீழ்நாட்டிலிருந்து வரும் மாணவர்கள் சொல்வதுண்டு. உயரம் ரத்தத்தில் ஆல்கஹால் அளவைக் கூட்டுவதில்லை. மலையின் ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது.

முதலாவது குளிர். ‘குளிருக்கு ஒரு கட்டிங்’ என்பது மலையில் காலங்காலமாக ஓடும் நியாயம். ஆல்கஹால் தோலுக்கடியில் உள்ள ரத்தக்குழாய்களை விரிக்கிறது. சூடான ரத்தம் மேற்பரப்புக்கு வருவதால் கதகதப்பாகத் தோன்றும். ஆனால் அந்தச் சூடு உடலின் உள்ளிருந்து எடுக்கப்பட்டது. தோல் வழியே அது வெளியே போய்விடும். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி இரவில் விடுதி மொட்டை மாடியிலோ தேயிலைத் தோட்டத்து ஓரத்திலோ ‘படுக்க வைத்தால் தெளிந்துவிடுவான்’ என்று நண்பனை விட்டுவிட்டு வருவது, குடித்ததைவிடப் பெரிய ஆபத்து. சமவெளியில் அப்படி விட்டால் கொசு கடிக்கும், இங்கே உயிர் போகலாம்.

இரண்டாவது தூரம். கொடைக்கானலில் நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு தடுமாறி, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் தேனிக்கோ மதுரைக்கோ மலை இறங்க வேண்டும். தயங்கி நின்ற ஒவ்வொரு பத்து நிமிடமும் இந்த நேரத்தோடு சேரும்.

மூன்றாவது அவசரம். டாஸ்மாக் கடை இரவு பத்து மணிக்கு மூடுகிறது. விடுதிக் கதவு பெரும்பாலும் அதற்கும் முன்பே. கிடைத்த இடைவெளியில், குளிரில் நின்றுகொண்டு, தண்ணீர் சரியாகக் கலக்காமல், சாப்பிடாமல், ‘ராவாக’ முடித்துவிட்டு ஓடிவருவது. கெடுபிடி அதிகமாக ஆக, குடிக்கும் வேகமும் அதிகமாகிறது என்பதை விதி போடுபவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஏன் சக மாணவர்?

ஒரு விடுதியில் நாற்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு ஆறு பேர் குடித்துவிட்டு வந்து பாட்டுப் போட்டு, படிக்கட்டில் விழுந்து, ஒருவர் குளியலறையில் வாந்தி எடுக்கிறார். மிச்சம் முப்பத்து நாலு பேர் போர்வைக்குள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் பேசப்படுவது எந்தக் கதை? தூங்கியவனின் கதையை யாரும் சொல்லப்போவதில்லை. ஆறு பேர் செய்தது மூன்று நாள் பேச்சாகிறது. முதலாம் ஆண்டில் புதிதாகச் சேர்ந்தவர் அதைக் கேட்டு, ‘இங்கே எல்லாரும் அடிப்பாங்க போல’ என்று முடிவுகட்டுகிறார்.

இந்தத் தப்புக்கணக்கை 1986இல் எழுதி வெளியிட்டவர்கள் வெஸ்லி பெர்கின்ஸ், ஆலன் பெர்கோவிட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள். மற்றவர்கள் குடியை எவ்வளவு ஆதரிக்கிறார்கள் என்று மாணவர்கள் நினைப்பது உண்மையைவிட அதிகமாக இருந்தது. அந்தக் கற்பனை அளவை எட்டிப் பிடிக்கத்தான் புதியவர்கள் குடிக்கிறார்கள். அப்படியானால், உண்மை எண்ணைச் சொன்னாலே குடி குறைய வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

நம் நாட்டு எண் என்ன? மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுக்குள் ஆண்களில் குடிப்பவர்கள் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். ‘எல்லாரும்’ என்பதற்கு இந்த எண்கள் மிகத் தொலைவில் நிற்கின்றன. ஆனால் இது எல்லா வயதையும் கலந்த கணக்கு. ஒரு கல்லூரியில் ஒட்டுவதற்கு அந்தக் கல்லூரியின் எண்தான் வேண்டும். அதை வார்டன் கேட்டால் வராது. பெயர் எழுதாத தாளில், மாணவரே கொடுத்து மாணவரே வாங்கினால் வரும்.

கேட்கத் தயாரான கேள்விகளும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்வித்தாள் பல நாடுகளில் பயன்படுகிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8ஐத் தொட்டால் ஆபத்தான குடி, 20ஐத் தொட்டால் குடிநோயாக இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும். பரீட்சையில் குறைந்த மதிப்பெண்ணுக்குச் சந்தோஷப்படும் ஒரே தாள் இதுதான்.

சக மாணவர் செய்யும் வேலைகள்

1. கணக்கைச் சொல்வது. மேலே பார்த்தது. சுவரொட்டி, வகுப்புப் பேச்சு, வாட்ஸ்அப் குழு. செலவு குறைவு. பலனும் குறைவு: மாணவர்களிடையே இந்த முறையைச் சோதித்த ஏறத்தாழ 70 ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் சேர்த்துப் பார்த்தபோது, கிடைத்த மாற்றம் கொள்கை வகுக்கப் போதாத அளவுக்குச் சிறியது என்று எழுதியது. போஸ்டர் மட்டும் ஒட்டிவிட்டு மன்றம் இயங்குகிறது என்று அறிக்கை அனுப்பும் கல்லூரிகள் இதைக் கவனிக்கலாம். இன்னொரு சிக்கல்: ஒரு விடுதியில் உண்மையாகவே பாதிக்கு மேல் குடிக்கிறார்கள் என்றால், எண்ணைச் சொல்வது எதிர்ப்பலனைத் தரும்.

2. ஒருவரோடு ஒருவர் பேசுவது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லாட் குழு உருவாக்கி, 1999இல் கையேடாக வந்த ‘பேசிக்ஸ்’ என்ற முறை இதற்கு முன்மாதிரி. இரண்டு சந்திப்புகள்தான். புத்தி சொல்வது கிடையாது. மாணவர் தானே தன் கணக்கைப் பார்க்க வைப்பது. இதன் வேர், அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய பேச்சுமுறை.

வித்தியாசம் கேட்டால்தான் புரியும். நாம் வழக்கமாகப் பேசுவது: “ஏன்டா குடிக்கிற? உங்கப்பா எஸ்டேட்ல எவ்ளோ கஷ்டப்பட்டு அனுப்புறாரு தெரியுமா?” பதில் வராது, தலை குனியும், அடுத்த சனிக்கிழமை இடம் மாறும். பயிற்சி பெற்ற சீனியர் பேசுவது இப்படி இருக்கும்:

“போன சனிக்கிழமை எப்படி இருந்துச்சு?”

“செம்ம ஜாலிண்ணா.”

“எதுவரைக்கும் ஜாலி?”

“...ஒரு ரெண்டு கட்டிங் வரைக்கும். அப்புறம் ஞாபகமே இல்ல.”

“காசு எவ்ளோ ஆச்சு?”

“அத விடுங்கண்ணா.”

“சரி, விட்டுட்டேன். அந்த ஞாபகமில்லாத நேரம் உனக்குப் பிடிச்சுதா?”

கடைசிக் கேள்விக்கு அவன் என்ன சொல்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை அண்ணன் சொல்லிக்கொடுக்கக் கூடாது. இந்தப் பொறுமை இயல்பில் வராது, பயிற்சியில்தான் வரும்.

மருத்துவர் அல்லாதவர் இப்படிப் பேசினால் பலன் உண்டா என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 377 ஆண்களிடம் நடந்த சோதனை, 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மனநல மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண ஆட்கள் நான்கு சந்திப்புகள் வரை பேசினார்கள். மூன்று மாதம் கழித்து, பேசப்பட்டவர்களில் 36 சதவீதத்தினர் ஆபத்தான நிலையிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். இவர்கள் கல்லூரி மாணவர்கள் அல்லர். ஆனாலும் ‘டாக்டர் இல்லாமல் முடியாது’ என்ற வாதம் இதோடு முடிகிறது. அந்த ஆலோசகர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு மதிப்பெண் போட்டுத் திருத்திக்கொண்டார்கள். இந்தப் பகுதியைத்தான் நம் மன்றங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. அன்றிரவு காப்பாற்றுவது. மூன்றில் மலைக்கு மிக அவசியமானது இது, மிகக் குறைவாகச் சொல்லித்தரப்படுவதும் இதுதான். விடுதி மாணவர் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டியவை:

அ. உலுக்கிக் கூப்பிட்டும் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு முறைக்குக் குறைவாக மூச்சு விடுகிறார், இரண்டு மூச்சுக்கிடையே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடோ விரல் நுனியோ நீலம், தோல் சில்லிட்டிருக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் 108.

ஆ. மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது. ஒருக்களித்து, மேல் முழங்காலை மடக்கி, வாய் தரையை நோக்கி இருக்கும்படி. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்குவதால் ஏற்படும் சாவை இது தடுக்கும்.

இ. தனியே விடக் கூடாது. கம்பளி போர்த்த வேண்டும். கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து இன்னும் ரத்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்; தூங்கிய பிறகும் அளவு ஏறும்.

ஈ. வாயில் விரல் விடுவது, காபி ஊற்றுவது, ஷவருக்கடியில் நிறுத்துவது எதுவும் வேண்டாம். ஷவர், உதகைக் குளிரில், நிலைமையை மோசமாக்கும்.

எங்கே கெட்டுப்போகிறது?

தவறான ஆளைத் தேர்ந்தெடுப்பதில் முதல் சறுக்கல். நல்ல மதிப்பெண், ஆசிரியருக்குப் பிடித்தவர் என்று பார்த்தால், சனிக்கிழமை இரவு அவருக்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். ‘பிரச்சினை வந்தால் யாரிடம் சொல்வாய்?’ என்று மாணவரிடம் சீட்டு எழுதி வாங்கினால், அதிகம் வரும் பெயர்களில் ஆசிரியர் எதிர்பார்க்காத பெயர் ஒன்றாவது இருக்கும்.

இரண்டாவது, அதிகம் குடிப்பவர்களை எல்லாம் ஒரே அறையில் உட்கார வைப்பது. அமெரிக்க ஆய்வாளர்கள் தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட் முதலானோர் 1999இல் எழுதிய கட்டுரை இதைச் சொன்னது: சிக்கலில் இருக்கும் இளைஞர்களைக் குழுவாக்கினால், அவர்கள் தம் சாகசக் கதைகளைச் சொல்லி, சிரித்து, ஒருவரையொருவர் ஏற்றிவிடுகிறார்கள். திருந்த வந்த கூட்டம் பார்ட்டிக் கூட்டமாகத் திரும்பும்.

மூன்றாவது, மிகப் பெரியது: ஒற்றர் வேலை. பியர் எஜுகேட்டர் வாரம் ஒருமுறை வார்டனிடம் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று ஒரு கல்லூரி எதிர்பார்த்தால், முயற்சி அன்றே செத்தது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்லலாம். மற்றது எதுவும் வெளியே போகாது என்பதை எழுத்தில் தர வேண்டும்.

கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் இன்னொன்றும் உண்டு. எஸ்டேட் லயன் வீடுகளிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்கள். இவர்களில் சிலருக்குக் குடி வகுப்புத் தோழனிடமிருந்து வரவில்லை. வீட்டில் கூலி நாளன்று வருகிறது. ‘உன் வகுப்பில் பெரும்பாலோர் குடிப்பதில்லை’ என்ற சுவரொட்டியால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. குடிப்பவர் அவர் அல்லர், அப்பா. இந்த மாணவருக்கு வேண்டியது குடியைக் குறைக்கும் ஆலோசனை அல்ல, இரவில் படிக்க ஓர் இடமும் பேச ஓர் ஆளும். குடிக்கும் மாணவருக்கு வேண்டியதையும் குடிப்பவர் வீட்டு மாணவருக்கு வேண்டியதையும் ஒரே மன்றம் ஒரே துண்டறிக்கையால் செய்யப் பார்க்கிறது.

‘குறைத்துக் குடி’ என்பது சட்டத்துக்கு எதிரானதா?

தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்கக் கூடாது. இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதைத் தொடவில்லை. கூடலூரைத் தாண்டி கேரளத்துக்குள் போனால் அந்த வயது 23. அப்படியிருக்க, ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்லித்தருவது குடிக்க அனுமதி தருவதாகாதா?

நீலகிரியில் 2022 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். உயர் நீதிமன்றம் சொல்லித் தொடங்கியது. யானைக் காலில் ஏறும் கண்ணாடியைக் குறைப்பது நோக்கம். அதனால் பாட்டில் வாங்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தமாகாது. (விற்பவரே அரசு என்பது தனிக்கதை.) காப்பாற்றும் பயிற்சியும் அந்த வகைதான். அதைச் சொல்லித்தரும்போதே, குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பானது என்பதையும் சொல்லலாம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

உண்மையில் இடிப்பது விடுதி விதி. ‘குடித்துப் பிடிபட்டால் டி.சி.’ என்றால், மூச்சு தடுமாறுபவனின் நண்பர்கள் முதலில் யோசிப்பது 108ஐ அல்ல, டி.சி.யை. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல் ஒரு மாற்றம் கொண்டுவந்தது: குடிபோதையில் ஆபத்தில் இருப்பவருக்காக உதவி கேட்டால், கேட்டவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் ஒழுங்கு நடவடிக்கை இல்லை, அவர் பின்னர் ஓர் ஆலோசகரைச் சந்தித்தால் போதும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடின. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கல்லூரி முதல்வரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் விடை கையில் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதில் முப்பது மணி நேரம் இந்தப் பயிற்சிக்குப் போனால் போதும்; செடி நடுவது கொஞ்சம் குறையும். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் (14416), போதை மீட்பு உதவி (14446) எண்களை விடுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டவும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பலனை எப்படி அளப்பது?

பேரணியில் எத்தனை பேர், உறுதிமொழி எத்தனை பேர் என்பவை அறிக்கைக்கு ஆகும் எண்கள். கல்லூரி பார்க்க வேண்டியவை வேறு மூன்று:

1. ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் பெயரில்லாமல் எடுத்த ஆடிட் மதிப்பெண்ணில், 8ஐத் தொட்டவர், தாண்டியவர் விகிதம்.
2. ‘உன் விடுதியில் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று நினைக்கிறாய்?’ என்ற கேள்விக்கான பதிலுக்கும் உண்மை எண்ணுக்கும் உள்ள இடைவெளி.
3. இரவில் மாணவர்கள் தாங்களாகவே வார்டனுக்கோ 108க்கோ செய்த அழைப்புகள்.

மூன்றாவது எண் முதல் ஆண்டில் கூடும். குடி கூடியதால் அல்ல. இதுவரை போர்வைக்குள் மூடிவைத்தது இப்போது வெளியே வருவதால். ஆட்சிமன்றக் கூட்டத்தில் அந்த எண்ணை நீட்டி, ‘மன்றம் வைத்தோம், கேஸ் இரண்டு மடங்காகிவிட்டது’ என்று யாராவது ஒருவர் சொல்வார். மன்றத்தை மூடலாமா என்ற பேச்சும் அந்தக் கூட்டத்தில்தான் எழும்.